வாடகைத் தாய்: சட்டமும் ஷரீஅத்தும்



பிள்ளையில்லாத வீட்டின் துயரம், பிள்ளை பெற்றவர்களுக்கு எளிதில் விளங்குவதில்லை. எனவே இந்த விஷயத்தில் நாம் நாவைக் காத்துக்கொண்டு பேச வேண்டும். அல்லாஹு தஆலா திருமறையின் ‘அஷ்ஷூறா’ அத்தியாயத்தில், தான் நாடியோருக்குப் பெண்மக்களையும், நாடியோருக்கு ஆண்மக்களையும் அளிப்பதாகவும், சிலருக்கு இரண்டையும் கலந்து கொடுப்பதாகவும், தான் நாடிய வேறு சிலரைப் பிள்ளையற்றவராக ஆக்குவதாகவும் அறிவிக்கிறான். நான்கு நிலைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லும் ரப்புல் ஆலமீன், நான்காவது நிலையைத் தண்டனை என்றோ சாபம் என்றோ சொல்லவில்லை. நம் தெருக்களில்தான் அதற்கு ‘மலடி’ என்று பெயர் சூட்டி, கல்யாண வீட்டிலும் பெயர் வைக்கும் வைபவத்திலும் ஒரு பெண்ணைப் பின்வரிசையில் உட்கார வைக்கிறோம்.

உம்முல் முஃமினீன் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மற்றப் பெண்களுக்கெல்லாம் பிள்ளையின் பெயரால் அழைக்கப்படும் சிறப்புப் பெயர் இருக்கிறதே என்று அவர்கள் கேட்டபோது, சகோதரி அஸ்மா (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் ‘உம்மு அப்துல்லாஹ்’ என்று வைத்துக்கொள்ளும்படி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கூறினார்கள். பிள்ளை பெறாத அந்த அன்னையிடம்தான் இந்த உம்மத் பாதி மார்க்கத்தைக் கற்றது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதைச் சொல்வதால், வைத்தியம் செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருங்கள் என்று பொருளில்லை. நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தலை நரைத்த பின்னும் கேட்டார்கள், கேட்பதை நிறுத்தவில்லை. மருந்து தேடுவதும் நபிவழியே. ஆனால் தேடுகிறவன் எந்த வாசலில் போய் நிற்கிறான் என்பதுதான் கேள்வி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூரைச் சுற்றி, இக்கேள்வி இன்று வெறும் கிதாபுக் கேள்வியாக இல்லை. சிப்காட் தொழிற்பேட்டைகள் வந்த பின் நாலா திசையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் இங்கே குடும்பம் அமைத்திருக்கிறார்கள். கணவனுக்கு ஒரு ஷிப்டு, மனைவிக்கு வேறொரு ஷிப்டு. நிக்காஹ் முடிந்து ஏழெட்டு ஆண்டு கழிந்தும் தொட்டில் ஆடாத வீடுகள் பல. ஜூஜூவாடி தாண்டினால் அத்திப்பள்ளி. அதற்கு மேல் பெங்களூர் முழுவதும் கருத்தரிப்பு ஆஸ்பத்திரிகள். இந்த நிலையில் யாராவது ஒரு தரகர் வந்து, “இந்தப் பக்கம்தான் கெடுபிடி, கர்நாடகத்தில் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துக் கொடுக்கிறோம், பெண்ணும் நாங்களே பார்த்துத் தருகிறோம்” என்று சொன்னால், மனம் நொந்த தம்பதிகள் நம்பத்தான் செய்வார்கள்.

நம்பாதீர்கள். வாடகைத் தாய் முறையை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பாராளுமன்றம் இயற்றியது. 2022 ஜனவரி 25 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் அது ஒன்றே. எல்லைச் சாவடி லாரிகளுக்கு உண்டு. இந்தச் சட்டத்துக்கு இல்லை.

முன்னர் நிலைமை வேறாக இருந்தது உண்மை. வேறொருத்தியின் கருவைச் சுமந்து பெறும் முறை நம் சென்னையிலேயே 1994ல் நடந்தது. பிறகு அது வியாபாரமாகி, வெளிநாட்டார் விமானம் ஏறி வந்து பிள்ளை வாங்கிச் செல்லும் அளவுக்கு வளர்ந்தது. 2008ல் குஜராத் ஆனந்த் நகரில் பிறந்த ‘பேபி மாஞ்சி’ என்ற பெண் குழந்தையின் வழக்கைப் பலர் மறந்திருக்கலாம். ஜப்பான் நாட்டுத் தம்பதிகள் ஏற்பாடு செய்தார்கள். கருமுட்டை பெயர் தெரியாத ஒருத்தியுடையது; சுமந்து பெற்றவள் மற்றொருத்தி; குழந்தை பிறக்கும் முன்பே ஏற்பாடு செய்த தம்பதிகள் விவாகரத்து செய்துகொண்டார்கள். மூன்று பெண்கள் சம்பந்தப்பட்டும் அந்தப் பச்சை மண்ணுக்குத் தாய் என்று எழுத ஒரு பெயர் இல்லாமல் போயிற்று. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. நஸப் என்னும் வமிச உறவு கலங்கினால் என்ன ஆகும் என்று நம் ஃபுகஹாக்கள் எழுதி வைத்ததை, உலகம் அன்று கண்ணால் கண்டது.

இன்றைய சட்டம் காசு கொடுத்துக் கருப்பை அமர்த்துவதை அடியோடு தடுக்கிறது. மருத்துவச் செலவு, விதிகள் அனுமதிக்கும் செலவுகள், இன்ஷூரன்ஸ் ஆகியவை நீங்கலாக அந்தப் பெண்ணுக்கோ அவள் வீட்டாருக்கோ தரகருக்கோ எதுவும் கொடுக்கலாகாது. இன்ஷூரன்ஸும் பெயருக்கல்ல; பிரசவத்துக்குப் பின் வரும் கோளாறுகளுக்கும் சேர்த்து 36 மாதங்களுக்கு இருக்க வேண்டும். மனைவிக்கு வயது 23 முதல் 50க்குள், கணவனுக்கு 26 முதல் 55க்குள் என்பது வரம்பு. உயிரோடிருக்கும் பிள்ளை, பெற்றதோ தத்தெடுத்ததோ, இருக்கக்கூடாது. ஊனமோ உயிருக்கு ஆபத்தான தீராத நோயோ உள்ள பிள்ளையானால் விலக்கு உண்டு. சுமக்கும் பெண் மணமானவளாகவும், தனக்கென ஒரு பிள்ளை உள்ளவளாகவும், 25 முதல் 35 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான். அவளுடைய கருமுட்டையையே பயன்படுத்துவதும் கூடாது.

காகிதங்கள் எங்கே கிடைக்கும்? முதலில் மாவட்ட மருத்துவக் குழு, வைத்தியக் காரணம் உண்டு என்று சான்று தர வேண்டும். அடுத்து, பிறக்கப்போகும் பிள்ளை யாருடையது, யார் பொறுப்பில் வளரும் என்பதற்கு முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் அல்லது அதற்கு மேற்பட்ட நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அந்த உத்தரவே பிறகு பிறப்புக்குரிய ஆவணமாகிறது. இவற்றுக்கு மேல் அரசு நியமித்த உரிய அதிகாரியின் தகுதிச் சான்று. பதிவு பெற்ற ஆஸ்பத்திரி. கரு வைக்கும் வரை அந்தப் பெண் மனம் மாறி விலகிக்கொள்ளவும் உரிமை உண்டு. “எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்கிறவர் மேற்சொன்ன எதையும் செய்யப்போவதில்லை என்று அறிந்துகொள்ளுங்கள்.

மாட்டிக்கொண்டால் தரகர் மட்டும் போகிறார் என்று எண்ண வேண்டாம். காசுக்கு அமர்த்திய தம்பதிகளுக்கே முதல் தடவை ஐந்து ஆண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. மறுதடவை பத்து ஆண்டு, பத்து லட்சம். ஜாமீனில் வரமுடியாத குற்றம். சமாதானமாகப் பேசி முடித்துக்கொள்ளவும் முடியாது. இன்னொன்றும் கேளுங்கள். வழக்கு என்று வந்துவிட்டால், அந்தப் பெண் தன் கணவனாலோ பிள்ளை வேண்டிய தம்பதிகளாலோ உறவினராலோ கட்டாயப்படுத்தப்பட்டாள் என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு.

சட்டம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது? 2022 ஜூன் மாதம் ஈரோட்டில் வெளிவந்த செய்தியை நினைத்துப் பாருங்கள். பதினாறு வயதுச் சிறுமி. ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பெற்ற தாயே அவளைப் பலமுறை அழைத்துச் சென்று கருமுட்டையை விற்றதாக வழக்கு. தாயும், அவளுடன் வாழ்ந்தவனும், தரகுப் பெண்ணும் கைதானார்கள். அரசு மருத்துவக் குழு விசாரித்த தனியார் ஆஸ்பத்திரிகளின் ஊர்களில் ஈரோடு, பெருந்துறை, சேலத்துடன் நம் ஓசூரும் இருந்தது. கருமுட்டை கொடுப்பவள் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம் என்று அதே ஆண்டு ஜனவரியில்தான் தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. பிள்ளை வேண்டும் என்ற நம் ஏக்கத்துக்கு எங்கோ ஓர் ஏழைப் பெண்பிள்ளையின் உடல் விலையாகிறது என்பதை அல்லாஹ்வுக்கு அஞ்சுகிறவர்கள் ஒரு கணம் சிந்திக்க வேண்டும்.

சட்டத்தில் சில இடங்கள் இன்னும் அசைந்துகொண்டிருக்கின்றன. கர்நாடக உயர்நீதிமன்றம் 2023ல், இருந்த ஒரே மகனை இழந்து, கணவனுக்கு வயது வரம்பு கடந்துவிட்ட தம்பதிகளின் முறையீட்டை அப்படியே தள்ளிவிடாமல், பரிசோதனைகளின் பேரில் பரிசீலிக்க வழி சொன்னது. சட்டம் வருமுன்பே கருவை உறைய வைத்திருந்தவர்களுக்கு வயது வரம்பு பொருந்தாது என்று 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. இத்தகைய நிலையில் இருப்பவர்கள் நல்ல வக்கீலைக் கலந்துகொள்வதே முறை.

சரி, எல்லாச் சான்றும் வாங்கி, காசு கைமாறாமல், சட்டப்படியே செய்தால் மார்க்கத்தில் ஆகுமா?

இங்கேதான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். சர்க்கார் ஆகுமென்று சொன்னது ஹலாலாகிவிட்டதாக எண்ணுகிறார்கள். சட்டம் ஜெயிலுக்கு அனுப்பாது, அவ்வளவுதான்.

உலமாக்கள் இந்த விஷயத்தை அவசரமாகப் பார்க்கவில்லை. குழாய்க் குழந்தை என்ற பேச்சு 1978ல் உலகில் எழுந்தது. இரண்டே ஆண்டுகளில், 1980ல், எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைகு ஜாதுல் ஹக் அவர்கள், கணவனின் விந்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பையில் வைக்கப்படுவது ஆகும் என்று பத்வா வழங்கினார்கள். 1984ல் மக்காவில் ராபிதாவின் ஃபிக்ஹு சபை கூடியபோது ஒரு படி மேலே சென்றது. இரு மனைவியர் உள்ளவருக்கு, ஒருத்தியின் முட்டையால் உண்டான கருவை மற்றொரு மனைவி மனமுவந்து சுமக்கலாம் என்றது. கணவன் ஒருவன்தானே என்பது அவர்கள் கண்ட நியாயம். ஆனால் மறு ஆண்டே, 1985ல், அதே சபை அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. சுமக்கிறவளும் கணவனுடன் வாழ்கிறவள். அவளுக்கும் தன் சொந்தக் கரு தரித்திருக்கலாம். பிறந்த பின் எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் போகும் என்ற அச்சமே காரணம். ஒரே கணவனின் வீட்டுக்குள்ளேயே இந்தக் கதியென்றால், அந்நியனின் மனைவி சுமப்பதைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? 1986 அக்டோபரில் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, அன்று நடைமுறையில் இருந்த ஏழு முறைகளை எடுத்துக்கொண்டு, கணவன் மனைவி என்ற வட்டத்துக்குள் அடங்கிய இரண்டை மட்டும் அனுமதித்து, மற்ற ஐந்தையும் தடுத்தது. வாடகைத் தாய் தடுக்கப்பட்டவற்றில் உள்ளது. காசுக்கானாலும் இலவசமானாலும் ஒன்றே. ஈரானின் ஷியா அறிஞர்கள் பலர் வேறுவிதமாகச் சொல்கிறார்கள். அது அவர்கள் மத்ஹபு. அஹ்லுஸ் ஸுன்னத் வல் ஜமாஅத்தின் உலமாக்களிடம் பெரும்பான்மையான முடிவு இதுவே.

இதன் ஆணிவேர் எது தெரியுமா? சட்டம் எதை நல்ல நிபந்தனை என்று வைக்கிறதோ, அதுவே ஷரீஅத்தில் அவிழ்க்க முடியாத முடிச்சாகிறது. சுமப்பவள் மணமானவளாக இருக்கட்டும் என்கிறது சட்டம். மணமானவள் பெறும் பிள்ளை அவளுடைய கணவனைச் சேர்ந்தது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த அடிப்படை. நிக்காஹ் என்ற விரிப்பு யாருடையதோ, பிள்ளை அவருடையது. பரிசோதனைச் சாலையில் யாருடைய அணு என்று காட்டலாம். ஆனால் ஒரு மனிதரின் நிக்காஹில் இருக்கும் பெண்ணின் வயிற்றில் மற்றொருவருடைய கருவை வைப்பதையே மார்க்கம் மறுக்கிறது. அடுத்தவன் வயலுக்குத் தன் நீரைப் பாய்ச்சலாகாது என்ற கருத்தில் வந்துள்ள ஹதீஸ் அபூதாவூத், திர்மிதியில் பதிவாகியிருக்கிறது.

தாய் யார் என்பதும் அப்படியே. ‘அல்முஜாதலா’ அத்தியாயத்தில், பெற்றெடுத்தவர்களே தாய்மார்கள் என்ற கருத்து வருகிறது. மனைவியைத் தாய்க்கு ஒப்பிட்டுச் சொல்லிவிடும் ழிஹார் பழக்கத்தைக் கண்டித்து இறங்கிய வசனம் அது. ஆயினும் சொல்லின் பொதுவான பொருளைக் கொண்டு, சுமந்து பெற்றவளே தாய் என்று பல உலமாக்கள் ஆதாரம் காட்டுகிறார்கள். முட்டைக்குரியவளே தாய், சுமந்தவள் பால் கொடுத்த தாயைப் போன்றவள் என்று சொல்வோரும் உளர். எந்தப் பேச்சை எடுத்தாலும் சுமந்தவள் அந்நியளாகிவிடுவதில்லை. அவளுடைய மக்களுக்கும் இந்தப் பிள்ளைக்கும் இடையே நிக்காஹ் ஆகாது. பெயரை மறைத்துவிட்டால், இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒரே ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் அண்ணனும் தங்கையும் அறியாமல் மணமுடிக்க நேர்ந்தால் அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு?

சட்டத்தின் எட்டாம் பிரிவு, அவ்விதம் பிறந்த பிள்ளையைத் தம்பதிகளின் சொந்தப் பிள்ளையாகவே கருதி எல்லா உரிமையும் வழங்குகிறது. பிள்ளையை அநாதையாக விடாத வகையில் அது நல்லதே. ஆனால் நம்முடைய வாரிசுரிமை 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டத்தின் வழி நடப்பது. வாப்பா மௌத்தான பின் சிற்றப்பன்மார்கள் “இது மார்க்கப்படி வாரிசே இல்லை” என்று கிளம்பினால், அந்தப் பிள்ளை கோர்ட் வாசலில் நிற்க நேரும். ஏற்கனவே இவ்வழியில் பிள்ளை பெற்றுவிட்டவர்கள், ஒரு நல்ல ஆலிமிடமும் வக்கீலிடமும் கேட்டு, உயிரோடிருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துக் கைவசம் ஒப்படைத்துவிடுவது பாதுகாப்பு. அப்பிள்ளையை ஜமாஅத்தில் எவரும் ஒரு சொல் சொல்லக்கூடாது. தான் எப்படிப் பிறப்பது என்று எந்தக் குழந்தையும் தேர்ந்துகொண்டதில்லை.

இரண்டு எச்சரிக்கைகளைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் 35 முதல் 45 வயது வரை இந்தச் சட்டம் இடம் தருகிறது. தன் முட்டையும் அந்நியனின் விந்தும் கொண்டு. நமக்கு அது கூடவே கூடாது. தம்பதிகளில் ஒருவருடைய அணு பயன்படாது என்று மாவட்ட மருத்துவக் குழு சான்றளித்தால், மற்றொருவரின் அணுவைத் தானமாகப் பெறலாம் என்று 2024 பிப்ரவரியில் விதி தளர்த்தப்பட்டது. இதுவும் நமக்கில்லை. சொந்த மனைவிக்கே குழாய் முறையில் சிகிச்சை செய்துகொள்கிறவர்களும், எங்களுடையது தவிர வேறெதுவும் கலக்கக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படியெல்லாம் கதவை அடைத்தால் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்பது காதில் விழுகிறது.

ஆண்கள் முதலில் டாக்டரிடம் போகட்டும். குறை கணவனிடமும் இருக்கலாம் என்று தெரிந்தும், ஒரு சாதாரண விந்துப் பரிசோதனைக்கு வெட்கப்பட்டு, மனைவியை மட்டும் பத்து ஆண்டு மருந்து சாப்பிட வைக்கும் கொடுமை நம்மில் உண்டு. அதற்கும் மேலே போய், மாமியாரும் நாத்தனாரும் இரண்டாம் நிக்காஹுக்குப் பெண் பார்க்கிறார்கள். பிள்ளை பெற்ற ஏழை மருமகளைப் பார்த்து, “அண்ணிக்காக நீ ஒரு தடவை சுமந்து கொடேன்” என்று வீட்டுக்குள்ளேயே நெருக்குவதும் இதே இனம்தான். தாய் பலவீனத்தின் மேல் பலவீனமாகச் சுமந்தாள் என்று ‘லுக்மான்’ அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டும் சுமை அது. ஒருத்தி தலையில் மற்றவர்கள் தூக்கி வைப்பதற்கில்லை.

அடுத்து, தாய் தகப்பனில்லாத குழந்தையை எடுத்து வளர்ப்பது. யத்தீமை ஆதரிப்பவரின் தரஜாவைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் இரு விரல்களைச் சேர்த்துக் காட்டியதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறார் நீதிச் சட்டப்படி முஸ்லிம்களும் தத்தெடுக்கலாம் என்று 2014 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது; அது அனுமதியே தவிரக் கட்டாயமில்லை. அத்தகைய தத்து உத்தரவை இப்போது மாவட்டக் கலெக்டரே வழங்குகிறார். ஆனால் அந்த வழியில் குழந்தை சட்டப்படி உங்கள் பிள்ளையாகவே எழுதப்படும். ‘அல்அஹ்ஸாப்’ அத்தியாயமோ, வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களின் சொந்தத் தகப்பன்மார் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது; ஸைத் (ரலி) அவர்கள் மீண்டும் ஹாரிதாவின் மகனாகவே அழைக்கப்பட்டார்கள். எனவே உறவிலோ அறிமுகத்திலோ உள்ள யத்தீமை வளர்க்க விரும்புகிறவர்களுக்கு, 1890ஆம் ஆண்டுக் கார்டியன் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் பாதுகாவலர் உத்தரவு பெறுவது ஷரீஅத்துக்கு நெருக்கமான வழி. தகப்பன் பெயர் மாறாது. வாரிசாக இல்லாததால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை வஸிய்யத் எழுதி வைக்கலாம்.

வளர்ந்தபின் பர்தா முறை என்னாவது என்று சகோதரிகள் கேட்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஆண் குழந்தையானால், வளர்க்கும் பெண்ணின் சகோதரி பால் கொடுக்கட்டும். வளர்ப்பவள் அவனுக்குப் பால்வழிச் சிற்றன்னை அல்லது பெரியம்மா ஆகி மஹ்ரமாகிவிடுவாள். பெண் குழந்தையானால், கணவனின் சகோதரி பால் கொடுத்தால் அவர் தாய்மாமன் முறையாவார். நம் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதியில் ஹனஃபிகளே மிகுதி. அந்த மத்ஹபில் சிறிதளவு குடித்தாலும் உறவு உண்டாகும். ஷாஃபிஈகளுக்கு ஐந்து தடவை நிறைவாகக் குடித்திருக்க வேண்டும். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவருமுன்பே இதைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு வயது கடந்துவிட்டால் பாலால் உறவு ஏற்படாது.